சாக மறந்த ரத்தம்!

1

டெலிபோன் அலறியது.

கடலூர் சிப்காட்டை ஒட்டிய போலீஸ் ஸ்டேஷன். 2011, தை அமாவாசை. காலை மணி ஒன்பது.

ஸ்டேஷனில் பாதி நாற்காலி காலி. தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டத்தைச் சமாளிக்க எல்லோரும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது இரண்டே பேர். இன்ஸ்பெக்டர் விருத்தாம்பாள். ஏட்டு சின்னையன்.

விருத்தாம்பாள் ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ..."

"இன்ஸ்பெக்டர் அம்மாவா?"

"ஆமா. யாரு?"

"மூடிக் கெடக்கற சாயக் கம்பெனி இருக்குல்ல... அதுல மூணாம் நம்பர் ஷெட்டு. பக்கிரின்னு ஒருத்தன் கெடக்கறான். நாய் இழுக்கறதுக்குள்ள போயி அள்ளிக்குங்க."

விருத்தாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சின்னையனைப் பார்த்துக் கண்ணால் சைகை செய்தாள்.

"டேய்... யார்ரா நீ?"

"சடையப்பன். லோடுமேன். அவன அடிச்சது நான்தான். யாரு யாருன்னு நீங்க மண்டைய ஒடைச்சுக்க வேணாம்."

"எதுக்குடா அடிச்ச?"

"எம் பொண்டாட்டி வினோதினிக்கு எய்ட்ஸ் குடுத்தவன் அவன். மார்கழில செத்துட்டா. இன்னிக்கி தை அமாவாச... ஊரே எள்ளும் தண்ணியும் எறைக்குது. எம் பொண்டாட்டிக்கு அது பத்தாதும்மா."

"இரு... எங்கேருந்து பேசற?"

"இன்னும் ஒருத்தன் பாக்கி இருக்கான். பேரு ராஜாமணி. கட்டிப் போட்டிருக்கேன். அவ உசுரு போனது சாயங்காலம் அஞ்சரைக்கு. இவனுக்கும் அஞ்சரைதான். நாளைக்கி பேப்பர்ல போடச் சொல்லுங்க... வினோதினி தப்பானவ இல்ல, பக்கிரிதான் கெடுத்தான்னு. அதுக்குத்தான் போன் பண்ணேன்."

"தூக்குல தொங்குவடா!"

மறுமுனையில் சிரிப்பு. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துச் சிரித்த, ஆரோக்கியமான சிரிப்பு!

"எனக்கும் அதே சீக்குதாம்மா. டாக்டரே கைய விரிச்சுட்டாரு. நாலு நாள்ல சாவப் போறவன எந்தக் கயித்தக் காட்டி மெரட்டுவ?"

டக்!

விருத்தாம்பாள் தொப்பியை எடுத்தாள்.

"சின்னையன்... ஜீப்ப எடு!"

2

மூணாம் நம்பர் ஷெட்.

உள்ளே காலடி வைத்ததும் சின்னையன் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தினான்.

பக்கிரி மல்லாந்து கிடந்தான். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கழுத்துக்குக் கீழே இரண்டு ஓட்டை. மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி இறங்கி, உள்ளே ஒரு திருகு திருகி, சதையோடு வெளியே வந்திருந்தது. வலது கை விரல்கள் ஐந்தும் நசுங்கியிருந்தன.

வாய் திறந்திருந்தது.

வாய் நிறைய... எள்ளு!

"அடப் பாவி..." என்றான் சின்னையன். அடுத்த நொடி அலறினான். "மேடம்! கால் கால்! ரத்தத்த மிதிச்சுடாதீங்க... அந்த ரத்தம்!"

"மிதிச்சா ஒட்டாதுய்யா. பூட்ஸ் போட்டிருக்கேன்."

"பூட்ஸ்ல ஓட்ட இருக்கும் மேடம். கவர்மென்ட்டு பூட்ஸு."

விருத்தாம்பாள் குனிந்து அந்த ஓட்டைகளைப் பார்த்தாள். கொக்கி பிடித்துப் பழகிய கை. அனாவசியமாக ஒரு குத்து கூட இல்லை. இவனிடம் மாட்டிய ராஜாமணி அஞ்சரை மணிக்கு எப்படிக் கிடப்பான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிணம் ஆஸ்பத்திரிக்குப் போனது. எய்ட்ஸ் கேஸ் என்ற செய்தி அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பிணவறை ஆட்கள் தொட மாட்டோம் என்று வாசலில் நின்றார்கள். வேறு வழியில்லாமல் டாக்டர் முதலில் ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ண அனுப்பினார்.

மணி பன்னிரண்டு. டாக்டர் வெளியே வந்தார்.

"யாரும்மா சொன்னது இவருக்கு எய்ட்ஸ்னு?"

"கொன்னவன்."

"ரெண்டு டெஸ்ட் கிட்டுல பாத்துட்டேன். ரெண்டுமே நெகட்டிவ். சுத்தமான ரத்தம்!"

சின்னையன் வாயைப் பிளந்தான்.

"சுத்தமானவனயா குத்திப் போட்டிருக்கான்? மேடம்... அப்ப குடுத்தவன் வேற எவனோ!"

"அவன் அவ்ளோ உறுதியா சொன்னான்யா. எவனோ அவனுக்கு ஏதோ சொல்லியிருக்கான்." விருத்தாம்பாள் வாட்ச்சைப் பார்த்தாள். "பக்கிரி வீடு எங்க?"

"திருப்பாதிரிப்புலியூர். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால."

"ஏறு."

3

பக்கிரியின் மனைவி பவுனம்மாள் அழுது முடித்திருந்தாள். இப்போது திட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"அவன் கையில புழு வெக்க! எந்தக் கையால எங்க வூட்டுச் சோத்தத் தின்னானோ அந்தக் கை அழுவிப் போவ!"

"பவுனம்மா... எனக்கு நேரமில்ல. இன்னொருத்தன் உசுரு போவப் போவுது. கேக்கறதுக்கு மட்டும் சொல்லு. சடையப்பன் உங்களுக்கு என்ன வேணும்?"

"என்னா வேணும்! எங்க வூட்டுக்காரரு மாமன் மவன்... வினோதினிக்கு. முறைக்காரரு. அவருக்கு நான் வாய்ச்சுட்டேன், அதனால தங்கமான பையன்னு சொல்லி சடையப்பனுக்கு அவரே முன்ன நின்னு கட்டி வெச்சாரு. ஏழு வருசம் ஆவுது. மாமன் மவன்னா வூட்டுக்கு வரப்போவ இருக்க மாட்டாரா? அதப் போயி..."

"எப்பலேருந்து சந்தேகம்?"

"அவ படுத்ததுலேருந்து. ரெண்டு பேருக்கும் சீக்குன்னு தெரிஞ்சுது. ஆனா அவதான் மொதல்ல இளைச்சா. எலும்பும் தோலுமா ஆனா. அவன் கல்லுத் தூணாட்டம் இருந்தான். பாக்கறவங்கல்லாம் என்னா சொல்லுவாங்க? எவ மொதல்ல படுத்தாளோ அவதான் கொண்டாந்தான்னு சொல்லுவாங்க. சொன்னாங்க! அவன் அடிச்சான். எவன்டி எவன்டின்னு கேட்டு தெனம் அடிச்சான். ஒருத்தனும் தொடலன்னு அவ எம் மடியில படுத்துச் சத்தியம் பண்ணா."

"பக்கிரின்னு எப்ப முடிவு பண்ணான்?"

"போன வாரம் வந்து சத்தம் போட்டான். கம்பெனில ரத்தம் எடுத்தாங்களே, அப்பவே உன் ரத்தம் கெட்ட ரத்தம்னு ராஜாமணி சொல்லிட்டான்டான்னு. நான் அடுப்பாண்ட இருந்தேன். இவரு சிரிச்சாரு. போடா, ஊசின்னாலே ஓடறவன் நானு, எப்படா ரத்தம் குடுத்தேன்னாரு. அவன் கதவ ஒதைச்சுட்டுப் போயிட்டான்."

"கம்பெனில எப்ப ரத்தம் எடுத்தாங்க?"

கூட்டத்தில் இருந்த ஒரு பெண் சொன்னாள். "அது ஒரே வாட்டிதாங்க. தொண்ணூத்தெட்டுல. எங்க வூட்டுக்காரரும் குடுத்தாரு. அந்த ரத்த வங்கி இப்ப இல்ல, மூடிட்டான்."

பவுனம்மாளின் முகம் மாறியது.

"தொண்ணூத்தெட்டா? அந்த வருசம் அவரு ஊர்லயே இல்லியே! மஸ்கட்ல இருந்தாரு!"

"அப்ப ரத்தம் குடுத்தவங்க லிஸ்ட்ல பக்கிரி பேரு எப்படி வந்துது?"

"பாஸு..." பவுனம்மாளின் குரல் இறங்கியது. "கேட் பாஸ சும்மா விட்டா கான்ட்ராக்டரு வேற ஆளப் போட்ருவான். திரும்பி வந்தா வேல வேணுமில்ல? அதனால கூட்டாளிகிட்ட குடுத்துட்டுப் போனாரு. அவரு பேருல அவன்தான் ஒரு வருசம் உள்ள போயி வந்தான்."

"யாரு... எவன்?"

"அவன்தாம்மா! சடையப்பன்!"

விருத்தாம்பாள் எழுந்துவிட்டாள்.

அவளுக்கு இது புதுசில்லை. அவள் அப்பன் இதே சிப்காட்டில் செத்துப்போன ஒருவனின் பாஸில் ஏழு வருஷம் மூட்டை சுமந்தவன். பாய்லர் வெடித்து அப்பன் செத்த அன்று, 'இந்தப் பேர்ல இருக்கற ஆள் முன்னாடியே செத்துட்டான்' என்று சொல்லிப் பிணத்தை வாங்க மறுத்தது கம்பெனி.

போட்டோ ஒட்டாத பாஸ். கேட்டில் பேர் கேட்டால் பாஸில் உள்ள பேர். சம்பளத்துக்குப் பாஸில் உள்ள பேர்.

ரத்தம் எடுக்கும்போதும்... பாஸில் உள்ள பேர்தான்!

"சின்னையன்... பக்கிரிய எந்த ரத்தம் கொன்னுதுன்னு தெரியுதா?"

சின்னையன் தலையைச் சொறிந்தான். சொறிந்த கை அப்படியே நின்றது.

"ஐயோ மேடம்... அது சடையப்பன் ரத்தம்!"

4

ஜீப் ஆலப்பாக்கத்தைத் தாண்டிச் சீறியது. தர்ப்பணக் கூட்டத்தில் ஊர்ந்து ஊரை விட்டு வெளியே வரவே மணி நான்கு ஆகிவிட்டது.

பவுனம்மாளிடம் கிடைத்த இன்னொரு தகவல். தொண்ணூற்றெட்டில் அந்த ரத்த வங்கியில் வேலை பார்த்த ராஜாமணி, இப்போது சிதம்பரத்தில் டாக்டர் விஸ்வேஸ்வரனின் கிளினிக்கில் அட்டெண்டர். வினோதினிக்கு வைத்தியம் நடந்ததும் அங்கேதான்.

விருத்தாம்பாள் செல்லில் டாக்டரைப் பிடித்தாள்.

"டாக்டர், ராஜாமணி எங்க?"

"காலைலேருந்து காணோம். ஏழு மணிக்கே லோடுமேன் ஒருத்தர் வந்து வாசல்ல பேசிட்டிருந்தாராம். அவரோட சைக்கிள்ல ஏறிப் போனதா நர்ஸ் சொல்றாங்க. ஏன்?"

"அந்த லோடுமேன் சடையப்பன். தெரியுமா?"

"சடையப்பனா! அவர் மனைவி போனதுலேருந்து வரச்சொல்லி ஆள் அனுப்பிட்டிருக்கேன், அவரோட ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு!"

"அவனுக்கு எவ்ளோ நாள் டைம் குடுத்தீங்க?"

"டைமா? எதுக்கு?"

"சாவறதுக்கு. நீங்க கைய விரிச்சுட்டதா சொல்றான்."

"கடவுளே... நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க! அவருக்கு எதிர்ப்பு செல் தொள்ளாயிரத்து நாப்பது. எனக்கே அவ்ளோ இருக்குமான்னு தெரியல. அதனால மாத்திர எதுவும் வேணாம், நல்லா சாப்பிடுங்க, வீட்டுக்குப் போங்கன்னு சொன்னேன்."

விருத்தாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டாக்டர்... எங்காளுங்ககிட்ட ஆஸ்பத்திரில அந்த வார்த்தைய எப்ப சொல்லுவாங்க தெரியுமா? இனிமே முடியாது, புடிச்சத வாங்கிக் குடுங்க, தூக்கிட்டுப் போங்கன்னு அர்த்தம்."

மறுமுனையில் டாக்டர் 'ஐயோ' என்றார்.

"சரி விடுங்க. ஒண்ணு சொல்லுங்க. தொண்ணூத்தெட்டுல கிருமி ஒட்டின ஒருத்தன், மாத்திரையே போடாம, இன்னிக்கும் மூட்ட தூக்க முடியுமா?"

"தொண்ணூத்தெட்டா! நிச்சயமாவா? பதிமூணு வருஷமா? நான் அவருக்கு மனைவிகிட்டேருந்து சமீபத்துலதான் வந்திருக்கும்னுல்ல நெனச்சேன்! அப்ப அந்த ஜீன் ரிசல்ட் சொன்னது கரெக்ட்! பி-57!"

"டாக்டர்! ஒருத்தன் செத்துட்டான். நீங்க சந்தோசப்படறீங்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"ஸாரி... ஸாரி. இப்படிப் பாருங்க. வைரஸ் ஒரு கேடி. வேஷம் மாத்திட்டே இருக்கும். நம்ம ஒடம்புக்குள்ள போலீஸ் இருக்கு. கேடியோட அடையாளத்தக் காட்டிக் குடுக்கறது நம்ம ஜீன். ஒவ்வொருத்தர் ஜீனும் ஒவ்வொரு அடையாளத்தக் காட்டும். நிறையப் பேர் ஜீன் மீசையக் காட்டும். கேடி மீசைய வழிச்சுட்டுத் தப்பிச்சிரும்."

"சடையப்பனுக்கு?"

"அவரோட ஜீன் மூக்கக் காட்டுது. கேடி மூக்க அறுத்துக்கிட்டா மூச்சு விட முடியாது. அதனால தப்பிக்கவும் முடியல, பெருகவும் முடியல. ஒரு மூலைல அடங்கிக் கெடக்கு. நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் இப்படி அமையும்."

"அவன் பொண்டாட்டிக்கு?"

"நேர் எதிர். அவங்க ஜீன் வகை வைரஸுக்குக் கதவத் தொறந்து விடற வகை. ஒட்டின வேகத்துல எறங்கிட்டாங்க."

"அடங்கிக் கெடக்கற கிருமி அடுத்தவங்களுக்கு ஒட்டுமா?"

"வாய்ப்பு கம்மி. ஆனா இருக்கு. ஏழு வருஷக் குடித்தனம் இல்லையா..."

சின்னையன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி முணுமுணுத்தான். "மொதல்ல படுத்தவதான் கொண்டாந்தான்னு ஊரே சொல்லுச்சே மேடம்..."

"ஊருக்கு ஜீன் தெரியுமாய்யா?" என்றவள் போனுக்குத் திரும்பினாள். "டாக்டர், அவன் எங்க மூட்ட தூக்கறான்?"

"ரயிலடிக்குப் பின்னால ஒரு நெல் குடோன்."

"அமாவாசைக்கு லோடுமேனுங்க வேலைக்கு வர மாட்டாங்க," என்றான் சின்னையன். "குடோன் காலியா கெடக்கும் மேடம்!"

"மிதி! சிதம்பரம் ஸ்டேஷன்லயும் எல்லாரும் தர்ப்பணக் கூட்டத்துக்குப் போயிட்டாங்களாம். டாக்டர், போன் பக்கத்துலயே இருங்க. நான் கூப்பிடுவேன். அவன் சாவ மாட்டான்னு மட்டும் சொல்லணும். இப்ப அவனுக்கு இழக்கறதுக்கு ஒண்ணுமில்ல. வாழ்க்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் பயம் வரும். பயம் வந்தாத்தான் கைய எடுப்பான். பதிமூணு வருசக் கதைய மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. தெரிஞ்சா என்னா பண்ணுவான்னு எனக்கே தெரியாது."

"புரியுது."

வெள்ளாற்றுப் பாலம் பின்னால் ஓடியது.

மணி நான்கே முக்கால்.

5

குடோனின் ஷட்டர் இரண்டு அடி தூக்கியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு முனகல்.

விருத்தாம்பாள் படுத்து உருண்டு உள்ளே போனாள். பின்னால் லத்தியோடு சின்னையன்.

ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக நெல் மூட்டை அடுக்கு. அதில் சாய்த்து ராஜாமணியைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தான். அறுபதை நெருங்கிய ஒல்லி உடம்பு. இடது தோளில் ஒரு கொக்கி சதைக்குள் இறங்கி, பின்னாலிருந்த மூட்டையோடு அவனைச் சேர்த்துத் தைத்திருந்தது. சட்டை முழுக்க ரத்தம்.

இன்னொரு கொக்கி அவன் தொண்டைக்குழியில்.

அதைப் பிடித்திருந்தவன் சடையப்பன். கல்லுத் தூண் என்று பவுனம்மாள் சொன்னது சரிதான். தோள் இரண்டும் உரலாட்டம் இருந்தன.

"அங்கயே நில்லு! ஒரு இழுப்புதான்... தொண்ட கையோட வந்துரும்!"

விருத்தாம்பாள் துப்பாக்கியை எடுத்தாள். சுட முடியாது. சடையப்பனின் நெஞ்சுக்கு முன்னால் ராஜாமணியின் தலை.

"நான் என்னாங்க பண்ணேன்!" ராஜாமணி கதறினான். "லிஸ்ட்டுல பக்கிரின்னு இருந்துது... அந்த ரத்தப் பைய கீழ ஊத்தச் சொன்னாங்க, ஊத்தினேன். அப்பல்லாம் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஆர்டர்ங்க! சொன்னா வேல போயிரும்!"

"உன் வேல போவக்கூடாது... எம் பொண்டாட்டி போலாமாடா?" கொக்கி முனை அழுந்தியது. ஒரு சிவப்புக் கோடு கழுத்தில் இறங்கியது. "அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா பக்கிரிய ஊரு ஒதுக்கியிருக்கும்! எங்க வூட்டுப் படி ஏறியிருக்க மாட்டான்!"

"சடையப்பா," என்றாள் விருத்தாம்பாள். "நான் கிட்ட வரல. ஒரே ஒரு சேதி. நீ சாவப் போறதில்ல."

"என்னாது?"

"டாக்டர் உன்ன கைவிடல. உனக்கு மாத்திர தேவைப்படல. அவ்ளோதான்."

"யாருகிட்ட கத விடற! எங்கப்பனுக்கு வயித்துல கட்டி. பெரியாஸ்பத்திரில இதே வார்த்ததான் சொன்னான்... மாத்திர வேணாம், நல்லா சோறு போடுங்கன்னு. பதினோராம் நாள் பொணம்! வினோதினிக்கு பை பையா மாத்திர குடுத்தாங்க. எனக்கு ஒண்ணு குடுத்தானா? ஒண்ணு!"

"அவ ஒடம்பு தோத்துது. மாத்திர குடுத்தாங்க. உன் ஒடம்பு ஜெயிச்சுக்கிட்டிருக்கு. எதுக்குடா குடுக்கணும்? கடைசியா எப்ப ஜொரம் வந்துது உனக்கு?"

சடையப்பன் யோசித்தான்.

"...வந்ததில்ல."

"எளைச்சியா?"

"...இல்ல."

"இன்னும் முப்பது வருசம் மூட்ட தூக்குவ. நம்பலன்னா டாக்டர்கிட்டயே கேளு."

அவள் செல்லை ஸ்பீக்கரில் போட்டு உயர்த்திப் பிடித்தாள். டாக்டரின் குரல் குடோனில் எதிரொலித்தது.

"சடையப்பன்... நான் விஸ்வேஸ்வரன். அவங்க சொல்றது நிஜம். நீங்க சாக மாட்டீங்க. உங்க ஒடம்புல ஒரு அபூர்வமான அமைப்பு இருக்கு. பொறப்புலயே வந்தது. அதுதான் உங்களக் காப்பாத்துது."

கொக்கி பிடித்த கை ஒரு விரற்கடை தளர்ந்தது.

"சாமி சத்தியமா?"

"சத்தியமா."

"நான்... சாவ மாட்டனா?"

அந்த முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. வேர்வை அரும்பியது. எதிரே இருக்கும் போலீஸை, துப்பாக்கியை, இரண்டாவது கொலையை அப்போதுதான் கண் திறந்து பார்ப்பதைப் போல் பார்த்தான். இன்னும் ஒரு நிமிஷம். கொக்கியைக் கீழே போட்டுவிடுவான்!

டாக்டருக்குத்தான் அந்த ஒரு நிமிஷம் பொறுக்கவில்லை. உற்சாகம் பீறிட்டது.

"பதிமூணு வருஷமா ஒண்ணும் ஆகாதவருக்கு இனிமே என்னங்க ஆகப்போகுது!"

விருத்தாம்பாள் சட்டென்று போனை அணைத்தாள்.

லேட்!

"பதிமூணு வருசமா?" என்றான் சடையப்பன் மெல்ல. "எனக்குக் கல்யாணம் ஆயி ஏழு வருசந்தானம்மா ஆவுது..."

இடது கை விரல்களை மடக்கி எண்ணினான்.

"பதிமூணு வருசம்னா... தொண்ணூத்தெட்டு. அதெப்படி அந்தாளுக்குத் தெரியும்? அந்த வருசம் யாரும் என் ரத்தத்த..."

நிறுத்தினான்.

அவன் கண்கள் எங்கோ போயின. பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய சாயக் கம்பெனி. ஷாமியானா. கட்டில்.

"ரத்தம் குடுத்தா அர நாள் லீவுன்னாங்க... ஒரு முட்ட, ஒரு டம்ளர் பாலு. நான் குடுத்தேன். பேரு என்னான்னு கேட்டான். கேட்டுல என்னா பேரோ அதத்தான சொல்லணும்? பக்கிரின்னு சொன்னேன். அவன் மஸ்கட்ல... அவன் பாஸ்ல நாந்தான்..."

"சடையப்பா, கொக்கியக் கீழ போடு!"

"ஆந்திரா லைன்ல டேங்கர் லாரிக்கு கிளீனரா போனேம்மா. அதுக்கு முந்தின வருசம். ரோட்டோரம் நிப்பாங்க... ஓட்டறவரு போவாரு, நானும் போவேன்."

அவன் ராஜாமணியைப் பார்த்தான். தன் கையிலிருந்த கொக்கியைப் பார்த்தான். பக்கிரியின் ரத்தம் அதில் காய்ந்து கறுத்திருந்தது.

"மச்சான் சிரிச்சாம்மா... எப்படா ரத்தம் குடுத்தேன்னு சிரிச்சான். நான் வெரல நசுக்கினேன். ஒத்துக்கடா ஒத்துக்கடான்னு நசுக்கினேன்... அவ சாவற அன்னிக்கிக்கூட அறைஞ்சேன். எவன்டின்னு."

"பேப்பர்ல போடச் சொன்னியே... அவ தப்பானவ இல்லன்னு. அது மட்டுந்தான் நெசம். நான் போடச் சொல்றேன். கொக்கியப் போடு!"

"போடறேம்மா. குடுத்தவனக் குத்தாம விட மாட்டன்னு அவ நெத்தியத் தொட்டுச் சொல்லியிருக்கேன்."

சொல்லி முடிக்கும்போதே கொக்கி ராஜாமணியின் கழுத்தை விட்டு மேலே எழும்பித் திரும்பியது... சடையப்பனின் கழுத்துக்கே!

விருத்தாம்பாள் பாய்ந்தாள்!

இருவரும் மூட்டை அடுக்கில் மோதினார்கள். கொக்கி முனை அவன் கழுத்துச் சதையைக் கிழித்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். மாடு மாதிரி உதறினான். கொக்கி திரும்பி அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே கோடாக இழுத்தது. ரத்தம்! அவள் பிடியை விடவில்லை. முட்டியால் அவன் வயிற்றில் ஒன்று விட்டாள். சுவரில் விட்டதைப் போலிருந்தது!

"விடும்மா! என்னக் கொல்ல விடும்மா!"

"சின்னையன்! அடிய்யா!"

லத்தி விசிறியது. மணிக்கட்டு எலும்பு 'மளுக்'கென்றது. கொக்கி கீழே விழுந்து உருண்டது. அடுத்த அடி முட்டிக்கால். அதற்கடுத்தது தோள். மேலிருந்து ஒரு நெல் மூட்டை சரிந்து சடையப்பனின் முதுகில் விழுந்தது. ஆயுளில் லட்சம் மூட்டை சுமந்தவன், அந்த ஒரு மூட்டைக்கு அடியில் முகம் புதைத்துக் கிடந்தான்.

அழுதான்.

தூரத்தில் ரயில் ஒன்று கிளம்பியது. மணி அஞ்சரை.

ராஜாமணி உயிரோடு இருந்தான். தோளில் கொக்கியோடு.

6

மறுநாள் காலை. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி.

விருத்தாம்பாளின் கையில் பதினேழு தையல். டாக்டர் விஸ்வேஸ்வரன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு மாத்திரை டப்பாவை நீட்டினார்.

"உங்க காயத்துல அவர் ரத்தம் பட்டிருக்கு. நேத்து ராத்திரியே ஆரம்பிச்சாச்சு, இருபத்தெட்டு நாள் விடாம போடணும். அநேகமா ஒண்ணும் வராது."

"எனக்கு அந்த மூக்கக் காட்டற ஜீன் இருந்தா?"

"இருக்கா இல்லையான்னு பந்தயம் கட்டற வெளையாட்டு இல்ல இது. போடுங்க." தயங்கினார். "நேத்து... நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது."

"தொறந்திருக்கக் கூடாது," என்றாள் விருத்தாம்பாள். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

எதிர் அறையில் சடையப்பன். கழுத்தில் கட்டு. ஒரு கையில் மாவுக்கட்டு, மறு கை கட்டிலோடு விலங்கு. வாசலில் துப்பாக்கியோடு இரண்டு போலீஸ். உள்ளே வந்த நர்ஸிடம் காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சிஸ்டர்... நான் எப்ப சாவேன்?"

நர்ஸ் பி.பி. பார்த்தாள். "நூத்தியிருவதுக்கு எம்பது. எம் புருசனுக்கே இப்படி இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சடையப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

டாக்டர் அந்த அறையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"இன்ஸ்பெக்டர்... தப்பா எடுத்துக்காதீங்க. அவர் சம்மதிச்சா வருஷா வருஷம் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாக்கணும். இந்த மாதிரி ரத்தத்துலேருந்துதான் ஒரு நாள் மருந்து வரும். ஜெயில்ல அவருக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்க முடியுமா? கேஸ் எத்தன வருஷம் நடக்கும்?"

விருத்தாம்பாள் வாயைத் திறக்கும் முன் சின்னையன் முந்திக்கொண்டான்.

"இங்க செஷன்ஸு, மெட்ராஸ்ல ஹைகோர்ட்டு, அப்புறம் டெல்லின்னு எப்படியும் இருவது வருசம் இழுக்கும் சார். கவலையே படாதீங்க... நம்ம கோர்ட்டு வேகத்துக்குத் தாக்குப் புடிக்கற மாதிரி ஒரு அக்யூஸ்ட இப்பத்தான் சார் மொதமொதல்ல புடிச்சிருக்கோம்!"